கார்க் கண்ணாடி ஏன் வேர்க்கிறது?

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்து மணி. விருத்தாசலத்தில் ஒரு வீட்டிலிருந்து நான்கு பேர் காரில் ஏறுகிறார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்திருக்கிறார்கள். கூந்தலில் ஈரம் இன்னும் போகவில்லை. மடியில் ஈரத்துணியில் சுற்றிய பூ. கதவைச் சாத்தி, ஊரைத் தாண்டி உளுந்தூர்பேட்டை சாலைக்கு வருவதற்குள் முன்கண்ணாடி மங்கிவிடுகிறது. ஓட்டுபவர் உள்ளங்கையால் துடைக்கிறார். ஒரு நிமிடம் தெரிகிறது, மறுபடி மங்குகிறது. எதிரே வரும் லாரியின் விளக்கு பட்டவுடன் துடைத்த தடமெல்லாம் பளபளத்து, சாலையே காணாமல் போகிறது.

“இன்றைக்குப் பனி ரொம்ப அதிகம்” என்று பின்சீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள். வெளியே பனி இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நிமிடத்தில் கண்ணை மறைப்பது காருக்கு உள்ளே உண்டான பனி. அதை விரட்டப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. காரிலேயே வழி இருக்கிறது. நம் ஊரில் பலர் அதைத் தொடுவதே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடியில் படியும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உங்களிடமிருந்துதான். மூச்சிலும் தோலிலுமாக ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 40 கிராம் தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிறார். நான்கு பேர் என்றால் 160 கிராம். ஒரு டம்ளர் நிறைய தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைக் காற்று தாங்காதா? தாங்கும், ஆனால் அளவோடுதான். ஒரு கன மீட்டர் (நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள பெட்டி) காற்று 30 டிகிரியில் சுமார் 30 கிராம் தண்ணீரை ஆவியாக வைத்திருக்கும். 20 டிகிரிக்கு ஆறினால் 17 கிராம்தான். 10 டிகிரியில் 9. பூஜ்யத்தில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. சாதாரணக் கார் ஒன்றின் உள்ளே இருக்கும் காற்று மூன்று கன மீட்டர் அளவு. மார்கழி விடியலில் நம் பக்கம் வெளிக்காற்று 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் காற்று ஏற்கெனவே பாதிக்கு மேல் ஈரமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நான்கு பேர் மூச்சு விட்டால் பத்து நிமிடத்திலேயே காற்று நிறைந்துவிடும். தாங்க முடியாத மிச்சம், இருப்பதிலேயே குளிர்ந்த பொருளின் மேல் தண்ணீராக உட்காரும். எதிர்க்காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் காரில் மிகக் குளிர்ந்த பொருள் கண்ணாடி. ஐஸ் போட்ட மோர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதும் இதே கதைதான். ஆவி தண்ணீராக மாறத் தொடங்கும் அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை (இதற்குக் கீழே ஆறினால் காற்று ஈரத்தைக் கக்கிவிடும்) என்று பெயர்.

முதலில் ஒரு சோதனை. மங்கல் உள்ளே இருக்கிறதா, வெளியேயா? வைப்பரை ஒரு தடவை ஓட்டுங்கள். மங்கல் போய்விட்டால் அது வெளிப்பக்கம். போகவில்லை என்றால் உள்பக்கம். இது தெரியாமல் பொத்தானைத் திருகினால் சில நேரம் நிலைமை மோசமாகும், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வெளிப்பக்கம் மங்குவது ஐப்பசி, கார்த்திகை மழையில் நடக்கும். வெளியே காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும். உள்ளே ஏசியை 18-ல் வைத்து, குளிர்காற்று கண்ணாடியின் மேல் படும்படி விட்டிருப்பீர்கள். கண்ணாடி மோர் டம்ளராகிவிடுகிறது. குளிரைக் குறையுங்கள், 25-க்குக் கொண்டுவாருங்கள், காற்றைக் கண்ணாடியின் பக்கம் விடாமல் முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள். இரண்டொரு தடவை வைப்பர் ஓட்டினால் போதும். கடலூர், சிதம்பரம் என்று கடலோரமாகப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

உள்பக்கம் மங்கினால் என்ன செய்வது? இங்கேதான் அந்தப் பொத்தான் வருகிறது. ஏசி திருகிகளுக்குப் பக்கத்தில், காரின் படத்துக்குள் அம்புக்குறி ஒன்று வளைந்து சுற்றிக்கொண்டிருக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அது எரிந்துகொண்டிருந்தால் வெளிக்காற்று உள்ளே வருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் அது நல்லது. ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர்விப்பதால் கார் சீக்கிரம் குளிரும், லாரிப் புகையும் உள்ளே வராது. அதனால் நம் ஊரில் காரை வாங்கிய நாளிலிருந்து அந்தப் பொத்தானை அழுத்தியே வைத்திருப்பவர்கள் ஏராளம். கோடையில் பழகிய அந்தப் பழக்கம்தான் மார்கழியில் கண்ணாடியை மறைக்கிறது.

அதை அணைத்துவிடுங்கள், அல்லது வெளியிலிருந்து அம்பு உள்ளே நுழைவதுபோல் இருக்கும் படத்துக்கு மாற்றுங்கள். வெளியே மூடுபனியே இருந்தாலும் தயங்க வேண்டாம். “வெளியில்தானே ஈரம் அதிகம், அதை எதற்கு உள்ளே விடுவது?” என்று கேட்பீர்கள். வெளிக்காற்று ஈரமானதுதான், ஆனால் குளிர்ந்த காற்று, அதனால் அதில் உள்ள தண்ணீரின் எடை குறைவு. அதே காற்று உள்ளே வந்து கொஞ்சம் சூடானால், இன்னும் எவ்வளவோ ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேற இடம் வைத்திருக்கும். அடைத்த காரில் நீண்ட தூரம் போனால் மூச்சுக்காற்றின் கழிவு சேர்ந்து ஓட்டுபவருக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும் என்பதும் நினைவிருக்கட்டும். வேப்பூர் போய்த் திருச்சி நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அடுத்தது, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புவது. கண்ணாடி வடிவத்தின் மேல் வளைந்து வளைந்து ஏறும் மூன்று அம்புகள் வரைந்த பொத்தான் அதற்குத்தான். விசிறியைப் பாதிக்கு மேல் வையுங்கள்.

மூன்றாவது செய்தி பலரைக் குழப்பும். ஏசியையும் போடுங்கள், வெப்பத் திருகியைச் சிவப்புப் பக்கமும் திருப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டுமா? ஆமாம். ஏசியின் வேலை குளிர்விப்பது மட்டும் இல்லை. அதன் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்களில் காற்று படும்போது ஈரமெல்லாம் அங்கேயே தண்ணீராகி, காருக்கு அடியில் சொட்டிவிடுகிறது. ஏசி போட்ட காரின் கீழே நீங்கள் பார்க்கும் தண்ணீர் அதுதான். ஈரம் இழந்த காற்று பிறகு ஹீட்டரில் சூடாகி, வறண்ட வெப்பக்காற்றாகக் கண்ணாடியில் படுகிறது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். பீங்கான் தொழிற்பேட்டையில் பச்சை மண்ணில் வார்த்த பொம்மையையும் அகல்விளக்கையும் சூளைக்கு ஏற்றும் முன் எப்படிக் காயவைக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கொட்டகையை இறுக்க மூடிவிட்டு உள்ளே எவ்வளவு சூடேற்றினாலும் மண் காயாது. வெப்பமும் வேண்டும், காற்று நகரவும் வேண்டும், ஈரக்காற்று வெளியே போக வழியும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் சரக்கு உள்ளுக்குள் ஈரமாகவே இருந்து, சூளையில் விரிசல் விடும். கார்க் கண்ணாடிக்கும் இதே மூன்றுதான் தேவை.

ஹீட்டர் போட்டால் பெட்ரோல் தீராதா? தீராது. பெட்ரோல், டீசல் கார்களில் இன்ஜினின் சூட்டை ஆற்றச் சுற்றிவரும் நீரின் வெப்பத்தைத்தான் ஹீட்டர் எடுத்துக்கொள்கிறது. அது எப்படியும் வீணாகப் போகிற சூடு. இன்ஜின் சூடாகும்வரை, அதாவது கிளம்பிய முதல் சில நிமிடங்களுக்கு, வெதுவெதுப்பு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஏசி கொஞ்சம் எரிபொருள் கேட்கும். கண்ணாடி தெளிந்த பிறகு அதை அணைத்துக்கொள்ளலாம். மின்சாரக் காரில் மட்டும் கணக்கு வேறு. அங்கே வெப்பமும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும், அதனால் ஓடும் தூரம் குறையும்.

ஏசி வேலை செய்யாத பழைய வண்டி, பால் வேன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்ன செய்வது? முன்பக்கம் ஒரு கண்ணாடி, அதற்கு எதிர் மூலையில் பின்பக்கம் ஒரு கண்ணாடி, இரண்டையும் இரண்டு விரல்கடை இறக்குங்கள். குளிரும்தான். ஆனால் காற்று மூலைக்கு மூலை ஓடி ஈரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பின்கண்ணாடியில் கிடைக்கோடுகளாக ஓடும் மெல்லிய கம்பிகளைக் கவனித்திருக்கிறீர்களா? அவை அழகுக்காக வைத்தவை அல்ல. வெள்ளித் துகளும் கண்ணாடித் தூளும் கலந்த மையைக் கண்ணாடியில் அச்சிட்டு, உலையில் சுட்டு ஒட்டவைத்த கோடுகள் அவை. பீங்கான் தட்டில் பூவேலை பதிப்பது மாதிரிதான். முன்கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதே, அதுவும் அப்படிச் சுட்டெடுத்த பீங்கான் பூச்சுதான். கோடுகளில் மின்சாரம் பாயும்போது கண்ணாடி வெதுவெதுப்பாகி, மங்கல் ஐந்து பத்து நிமிடத்தில் விலகும். சதுரத்தின் மேல் மூன்று வளைந்த அம்புகள் உள்ள பொத்தான் அதற்கு. தெளிந்ததும் அணையுங்கள், மின்சாரத்தை நிறைய இழுக்கும். துடைக்கும்போது கோட்டின் போக்கிலேயே துடையுங்கள். ஸ்டிக்கர் உரிக்கப் பிளேடு போட்டால் கோடு அறுந்துபோகும், அந்த வரிசை அதன்பின் சூடாகாது.

இவ்வளவும் வந்த ஈரத்தை விரட்டும் வழி. ஈரம் வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் முழுகிவிட்டு ஈர வேட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் டிக்கியில் போட்டுவிட்டு வருவோம். சபரிமலைக்குப் போய்வரும் வண்டிகளில் பின்சீட்டின் மேல் துண்டு காயும். நனைந்த குடையைச் சீட்டுக்கு அடியில் செருகுவோம். அந்தத் தண்ணீர் முழுவதும் இரவில் ஆவியாகி, விடிந்ததும் கண்ணாடிக்குத்தான் வரும். ஈரத்துணி எதுவானாலும் வாய் கட்டிய பையில் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது தரைவிரிப்பு. மேலே ரப்பர் மிதியடி காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் கம்பளமும் பஞ்சும் வாரக்கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மிதியடியைத் தூக்கிவிட்டு உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால், ஒரு பகல் முழுவதும் நான்கு கதவையும் திறந்து வெயிலில் நிறுத்துங்கள்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் போதாதா? புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிறு பொட்டலத்தைத்தானே சொல்கிறீர்கள். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்தால் அதிகம். 5 கிராம் பொட்டலம் ஒன்றரை கிராம் தண்ணீரை இழுக்கும். நான்கு பேர் அதை ஒரு நிமிடத்துக்குள் மூச்சாக விட்டுவிடுவார்கள். ஓடும் காருக்கு அதனால் பயனில்லை. இரவில் பூட்டி நிறுத்தும் காருக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ பை வைத்தால் கொஞ்சம் உதவும். அதையும் அவ்வப்போது சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும்.

உப்பை மூட்டை கட்டி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அடைமழையில் வீட்டு உப்பு ஜாடி எப்படிக் கசிகிறது என்று பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? உப்பு ஈரத்தை இழுக்கும், இழுத்துத் தண்ணீராகவும் விடும். பீங்கான் ஜாடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காரின் இரும்புத் தரை துருப்பிடித்துப்போகும். வேண்டாம்.

களிமண்? குளிர்நாடுகளில் ஒருவகைக் களிமண் குருணையைக் காலுறையில் அடைத்துக் காரில் வைக்கிறார்கள். அது பென்டோனைட் (ஈரத்தை அடுக்குகளுக்கு நடுவே இழுத்து உப்பும் களிமண்) வகை. பீங்கானுக்கு ஏற்ற வெள்ளைக் களிமண் அந்த அளவுக்கு ஆவியை இழுக்காது. தூசிதான் பறக்கும்.

கண்ணாடியின் சுத்தம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. பிளாஸ்டிக் பாகங்கள் வெயிலில் காய்ந்து விடும் ஆவி, சாம்பிராணிப் புகை, கை எண்ணெய் எல்லாம் சேர்ந்து உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அந்த அழுக்கின் மேல் ஈரம் பொடிப்பொடித் துளியாக நிற்கும், வெளிச்சம் பட்டால் கண் கூசும். சுத்தமான கண்ணாடியில் அதே ஈரம் சீராகப் படரும், அந்த அளவுக்கு மறைக்காது. மாதம் ஒருமுறை, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் மென்துணியை நனைத்துத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அவசரத்துக்கு, ஒரு சொட்டு ஷாம்புவைத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டாலும் சில நாளைக்குத் துளி கட்டாது. உள்ளங்கையால் மட்டும் துடைக்காதீர்கள். அந்த எண்ணெய்த் தடத்தில்தான் மறுநாள் முதலில் மங்கும்.

இரவில் எங்கே நிறுத்துவது? முன்பனி, பின்பனி என்று நம் முன்னோர் பருவம் பிரித்தது இதற்கு உதவும். மார்கழி, தையில் முன்னிரவிலேயே பனி இறங்கும். மாசி, பங்குனியில் பின்னிரவில் இறங்கும். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் கார் தன் சூட்டை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும், அதனால் கண்ணாடியும் கூரையும் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். மேலே ஒரு கூரையோ மரக்கிளையோ இருந்தால் இந்த இழப்பு குறையும். போர்டிகோவில் நின்ற கார் காய்ந்தும், தெருவில் நின்ற கார் தெப்பமாக நனைந்தும் இருப்பது இதனால்தான்.

இதே விளைவு மலைமேல் போனால் இன்னும் கடுமையாகும். விருத்தாசலத்தில் கண்ணாடி உறையாது. ஆனால் பொங்கல் விடுமுறைக்கு ஊட்டிக்குக் காரை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். கார்த்திகை கடைசியிலிருந்து தை வரை தலைகுந்தா, காந்தல், குதிரைப்பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி (நீராவி நேரே பனிக்கட்டித் துகளாகப் படிவது) விழும். காற்று 2, 3 டிகிரியில் இருந்தாலும், வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். உள்ளே ஈரம் தேங்கியிருந்தால் உள்பக்கமும் வெள்ளையாக உறைந்திருக்கும்.

அதற்கு முன்னேற்பாடு ராத்திரியிலேயே செய்ய வேண்டும். விடுதிக்கு வந்து எல்லோரும் இறங்கியதும் கதவுகளை உடனே பூட்டாதீர்கள். நான்கு கதவையும் இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். நீங்கள் விட்ட சூடான ஈரமூச்சு வெளியேறி, வறண்ட குளிர்காற்று உள்ளே வரும். அதன்பின் பூட்டுங்கள். முன்கண்ணாடியின் மேல் ஒரு பழைய போர்வையையோ அட்டையையோ விரித்து வைப்பரால் அழுத்தி வைத்தால் வெளிப்பக்கமும் உறையாது.

காலையில் உறைந்திருப்பதைப் பார்த்து, விடுதிக்காரரிடம் ஒரு சொம்பு வெந்நீர் கேட்டு ஊற்ற நினைப்பீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். சூளையைத் தணல் ஆறும் முன் திறந்தால் உள்ளே இருக்கும் சரக்கு ‘டிங்’ என்று வெடிக்கும் என்பது நம் ஊரில் தொழில் பழகும் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பக்கம் சுருங்கியும் மறுபக்கம் விரிந்தும் இழுத்தால் பீங்கானும் தாங்காது, கண்ணாடியும் தாங்காது. கல் பட்டு மயிரிழை விரிசல் ஏற்கெனவே இருக்கும் முன்கண்ணாடி என்றால் முழு நீளத்துக்கும் கோடு ஓடிவிடும். இன்ஜினை ஓடவிட்டு, சூட்டை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் உறைபனியைச் சுரண்டலாம். இரும்பு வேண்டாம். வைப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் விடுபடும்வரை அதைப் போடாதீர்கள், மோட்டார் கெடும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டு நிற்கவே கூடாது, உள்ளே படுத்துத் தூங்கவும் கூடாது. அந்தப் புகையில் வாசனையில்லாத நச்சு இருக்கிறது, ஆளைக் கொல்லும்.

டொரண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் உறவினர்களிடம் கேட்டால் இதைவிடக் கடுமையான கதை சொல்வார்கள். அங்கே ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நாள்கணக்கில் ஏறாது. காலணியில் ஒட்டிய பனிதான் அங்கே முதல் எதிரி. காருக்குள் உருகி, மிதியடியில் தேங்கி, இரவில் கண்ணாடியின் உள்பக்கம் கட்டியாகிவிடும். அதனால் உட்காரும் முன் காலை வெளியே தட்டிக்கொள்வதும், தண்ணீர் வழியாதபடி ஓரம் உயர்ந்த ரப்பர் மிதியடி போட்டு அதை அடிக்கடி எடுத்துக் கொட்டுவதும் அங்கே வழக்கம்.

இவ்வளவு செய்தும் உங்கள் கார் தினமும் வேர்க்கிறதா? அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டாமல், முன்சீட்டுக் கால் வைக்கும் இடம் நனைந்தால் அதுதான். காற்று வடிகட்டி தூசியில் அடைபட்டிருந்தால் கண்ணாடிக்குக் காற்றே போதுமான அளவு வராது. பெரும்பாலான கார்களில் அது டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றிப் பார்க்கலாம். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் சேரும் இலையை வாரிப்போட வேண்டும். அங்கே தண்ணீர் தேங்கினால் உள்ளேதான் இறங்கும். உள்ளே இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான மங்கல் படிந்தால், ஹீட்டர் குழாய் கசிகிறது. அதை மெக்கானிக்கிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கதவு ரப்பர் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளட்டும். இன்னொருவர் வெளியே குழாயைப் பிடித்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு கதவு ஓரத்திலும் இரண்டு நிமிடம் தண்ணீர் விடட்டும். கீழே தொடங்கினால்தான் எந்த உயரத்தில் கசிகிறது என்று தெரியும். முதல் துளி எங்கே எட்டிப்பார்க்கிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போங்கள்.